வாலட்டும் வாயும்

முருகானந்தத்துக்கு எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் கேட்டதை மத்தியானத்துக்குள் யாரிடமாவது கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஒரு கம்பெனியின் ரகசியச் சாவியைக் கொடுத்து, இது உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்றார்கள். கொடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

அம்பாசமுத்திரத்துக்காரர். இன்ஜினியரிங் முடித்த கையோடு 'ரெண்டே வருஷம்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கொல்கத்தாவுக்கு ரயிலேறினார். அந்த இரண்டு வருஷம் இன்னும் முடியவில்லை. நடுவில் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த சுலோசனாவைக் கல்யாணம் செய்துகொண்டு, மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடனில் ஒரு ஃபிளாட்டும் வாங்கிவிட்டார். தினமும் பஸ் பிடித்து, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இருக்கும் மென்பொருள் கம்பெனிக்குப் போய்வருகிறார். அங்கே அவரை யாரும் முருகானந்தம் என்று கூப்பிடுவதில்லை. பெங்காலிகள் முருகனை விட்டுவிட்டு ஆனந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆனந்தோ-தா, அதாவது ஆனந்த் அண்ணன்.

கொல்கத்தாத் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. வீட்டு ரகசியத்தை நடுத்தெருவில் நின்றுகொண்டு பேசலாம். முருகானந்தமும் சுலோசனாவும் அந்த வசதியை ஒரு சொட்டு விடாமல் அனுபவித்தார்கள். ஷேர் ஆட்டோவில் எதிரே இருப்பவரின் தலைச்சாயம், லிஃப்டில் கூடவே வரும் பக்கத்து வீட்டு பௌதியின், அதாவது அண்ணியின், புது வளையல், எல்லாம் அவரவர் முன்னாலேயே அலசப்படும். "முந்நூறு சொல்லுதான், இருநூறுக்கு மேல எடுக்காத" என்று புடவைக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே முருகானந்தம் சொல்வார். கடைக்காரரும் மரியாதைக்குப் பதில் சிரிப்புச் சிரிப்பார். லேக் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் மட்டும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே முருங்கைக்காய் விற்கிற பெங்காலிக்கும் 'நல்லா இருக்கும்மா, எடுத்துக்கோ' என்கிற அளவுக்குத் தமிழ் வரும்.

உத்தியோகத்தில் அவருக்கு டீம் லீட் என்று பெயர். தன் கையால் ஒரு வரி புரோகிராம் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து, இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்பார். எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால், நீங்களே யோசித்தால்தான் வளர முடியும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். மீதி நேரத்தில் மீட்டிங்குக்கு ஸ்லைடு போடுவார். ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, மறுபடி ஒரு கட்டம். அம்புக்குறி போடுவதில் செக்டர் ஃபைவில் தன்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அவருடைய கணிப்பு. அதை வேறு யாரும் போட்டிபோட்டு மறுக்கவும் இல்லை.

இந்தச் சுகத்துக்கு முடிவு கட்ட வந்தவர் மஹிமா சென்குப்தா. புதிய துறைத் தலைவி, ஐம்பதை ஒட்டிய வயது, மொடமொடப்பான காட்டன் புடவை, சிரிக்காத முகம். எல்லோரும் அவரை மஹிமா-தி, மஹிமா அக்கா, என்று கூப்பிட்டுக்கொண்டே நடுங்கினார்கள். வந்த சில மாதங்களில் ஒரு மீட்டிங் போட்டு, கையால் வேலை செய்யாதவர்களுக்கு இனி இங்கே இடம் கிடையாது என்று நிதானமாக அறிவித்தார். முருகானந்தம் தன் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதே மீட்டிங்கில்தான் அந்த வேலையும் வந்தது. சால்ட் லேக்கில் பல அலுவலகங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் ஒரு கேன்டீன் முதலாளி, டோக்கன் கிழித்துக் கிழித்து அலுத்துப்போய், சாப்பிட வரும் ஒவ்வொருவருக்கும் டிஜிட்டல் வாலட் வேண்டும் என்று கேட்டிருந்தார். மாதாமாதம் அவரவர் கம்பெனி அதில் பணம் போடும். மீன் குழம்பு வாங்கினால் அதிலிருந்து கழியும். வாலட்டுகளை வைத்துக் காப்பாற்றுவது வேறொரு சேவை நிறுவனம். அதனோடு பேசுவதற்கு நம் சர்வரில் ஒரு சின்ன மென்பொருளை அமர்த்த வேண்டும். கிளையன்ட் என்று அதற்குப் பெயர். இன்னாருக்கு ஒரு வாலட் திற, இன்னாரிடம் எவ்வளவு இருக்கிறது பார், இதைக் கழி என்று அது கேட்கும், அங்கிருந்து பதில் வரும். கேட்பது நாம்தான் என்று நிரூபிக்க ஒரு ரகசியச் சாவி. அது நீளமான எழுத்தும் எண்ணுமாக இருக்கும். சர்வரைத் தாண்டி அது வெளியே போய்விட்டால், கண்டவனும் அடுத்தவன் வாலட்டில் கைவிட்டுவிடுவான்.

"இதை யாராவது முன்னாலே செய்திருக்கிறீர்களா?" என்று மஹிமா-தி கேட்டார்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முருகானந்தத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. "ரெண்டு மூணு செய்திருக்கிறேன் மேடம். ஹோயே ஜாபே!" என்றது. ஹோயே ஜாபே என்றால், ஆகிவிடும். எப்போது ஆகும், யாரால் ஆகும் என்பதெல்லாம் அந்தச் சொல்லில் கிடையாது. அதனாலேயே கொல்கத்தா வந்ததும் அவர் கற்றுக்கொண்ட முதல் பெங்காலி அது.

"நல்லது. டெமோவையும் நீங்களே காட்டுங்கள். இந்த கான்ட்ராக்ட் கிடைத்தால் உங்களுக்கு இங்கே வேலை இருக்கும்" என்றார் மஹிமா-தி. கிடைக்காவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய வயதில் முருகானந்தமும் இல்லை. ஃபிளாட்டுக் கடன் பாதிகூட அடையவில்லை. நாற்பத்தாறு வயதில், அம்புக்குறி மட்டும் போடத் தெரிந்தவனை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

அலுவலகத்தில் ஏ.சி. பெட்டிகளை வைப்பதற்காக விட்ட ஒரு குட்டி பால்கனி இருந்தது. ஒரு கையில் டீக் கோப்பையும் மறு கையில் பிஸ்கட்டும் இருந்ததால், போனைப் பெட்டியின் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சுலோ, வசமா மாட்டிக்கிட்டேன்."

"என்னத்தச் சொல்லித் தொலைச்சீங்க?"

"அந்த வாலட் வேலை நமக்கு முன்னமே அத்துப்படின்னு சொல்லிட்டேன். எனக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியாதுல்லா."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எங்க சொல்ல? அந்தச் சிடுமூஞ்சியப் பாத்தாலே எனக்கு வாயில பொய்தான் வருது."

"மெதுவாப் பேசுங்க. ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

"இங்க எவனுக்குத் தமிழ் தெரியும்? நீ ஒருத்தி."

மறுநாள் வேலை ஆரம்பமானது. கிளையன்ட்டை நிறுவப் போனால், அது சர்வரில் கிடக்கும் அடிப்படை மென்பொருள் பழைய வெர்ஷன், எனக்குப் புதியது வேண்டும் என்றது. புதியதைப் போட்டார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சம்பள மென்பொருள் படுத்துக்கொண்டது. அதை எழுப்பப் போனதில் லீவு கேட்கும் மென்பொருள் படுத்துக்கொண்டது. அன்று முழுக்க அலுவலகத்தில் ஒருவராலும் லீவு கேட்க முடியவில்லை. யார் செய்த வேலை இது என்று கத்தியவர்களோடு சேர்ந்து முருகானந்தமும் கொஞ்சம் கத்தினார்.

ஒருவழியாக நிறுவி முடித்தார். பழகிப் பார்க்கிறவர்களுக்கென்று சேவை நிறுவனம் ஒரு பொம்மை உலகம் வைத்திருந்தது. அங்கே பணமும் பொம்மை, வாலட்டும் பொம்மை. முருகானந்தத்தால் அந்தப் பொம்மை உலகத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்: நீ யாரென்று தெரியவில்லை. சாவியைக் கொடுத்துப் பார்த்தார், அழித்துவிட்டு மறுபடி கொடுத்தார், புதுச் சாவி வாங்கிக் கொடுத்தார். நீ யாரென்று தெரியவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு மேலதிகாரிகூட அவரிடம் கேட்காததை அந்த இயந்திரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்காம் நாள் மறுபடி பால்கனிக்குப் போனார். "என்னால ஆகாது சுலோ. நான் சும்மா வேஷம் போட்டுட்டு இருந்திருக்கேன். வெள்ளிக்கிழமை டெமோ. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கிழியப் போகுது. ஃபிளாட்ட வித்துருவோமா?" என்று கேட்டவர், கேட்கும்போதே அழுதுவிட்டார். சுலோசனா, "முதல்ல அந்த டீயக் குடிங்க. ஆறிப்போயிருக்கும்" என்றாள்.

அன்று சாயங்காலமே அதிர்ஷ்டம் அடித்தது. டெமோவை ஒரு வாரம் தள்ளிவைத்திருப்பதாக மஹிமா-தி அறிவித்தார். போதாதற்கு, முருகானந்தம் போக வேண்டிய மீட்டிங்குகளையெல்லாம் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். நேரம் வந்தால் கூடிவரும் என்று முருகானந்தம் தன் ராசியைத் தானே மெச்சிக்கொண்டார்.

கிடைத்த அவகாசத்தில் கோளாறையும் கண்டுபிடித்தார். சர்வரில் அவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. கிளையன்ட் ஓடுவதோ வேறொரு கணக்கின் பெயரில். அவர் சாவியைத் தன் கணக்கில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார். தன் சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவனிடம் 'கதவைத் திற, கதவைத் திற' என்று இத்தனை நாளும் கத்தியிருக்கிறார். சாவியை இடம் மாற்றி வைத்தார். முதல் பொம்மை வாலட் திறந்தது. நாற்காலியிலிருந்து துள்ளியதில் முழங்கால் மேஜையில் இடித்து வீங்கியது. இருந்தாலும் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தன் கையால் செய்த ஒன்று ஓடுவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இனி அசல் உலகம். அதற்கான சாவியை ஒரு பெட்டகத்தில் வைத்து, ஒரு கடவுச்சொற்றொடரால் பூட்ட வேண்டும். யாரும் ஊகிக்க முடியாததாக, நீளமாக இருக்க வேண்டும் என்று குறிப்பு சொன்னது. முருகானந்தத்துக்கு அப்போது தலைகால் புரியாத உற்சாகம். ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வாக்கியத்தை அடித்துப் பூட்டினார். மறந்துவிடுமே என்று உடனே பால்கனிக்குப் போனார்.

"சுலோ, ஒரு ரகசியம். மனசுல வச்சுக்கோ. 'இந்தம்மா சிரிச்சா மழை பெய்யும்.' நடுவுல இடம் விடக் கூடாது. கடைசில ரெண்டு ஆச்சரியக்குறி."

"எந்தம்மா?"

"நம்ம சிடுமூஞ்சிதான்."

சுலோசனா விழுந்து விழுந்து சிரித்தாள். ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு ஏ.சி. சத்தத்தையும் மீறிக் கேட்டது.

டெமோ நாளன்று காலையில் மஹிமா-தி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முருகானந்தம் அதுவரை அந்த அறைக்குள் வந்ததே கிடையாது. மேஜைக்குப் பின்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. வெளியே கையெட்டும் தூரத்தில், அவர் போன் வைக்கும் ஏ.சி. பெட்டி. முந்தின நாள் வைத்துவிட்டுப் போன டீக் கோப்பைகூட அதன் மேல் இருந்தது. அதன் பொருள் அவருக்கு உடனே விளங்கவில்லை.

"பெட்டகத்தின் கடவுச்சொற்றொடரை டெமோவுக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்" என்றார் மஹிமா-தி ஆங்கிலத்தில்.

"எதற்கு மேடம்? என்னைத் தவிர ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது."

மஹிமா-தி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்காத முகத்தோடு, தமிழில் சொன்னார். "இந்தம்மா சிரிச்சா மழை பெய்யும். நடுவுல இடம் வுடக் கூடாது. கட்சீல ரெண்டு ஆச்சரியக்குறி."

முருகானந்தம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா ஆனந்தோ-தா, ஷாக் ஆயிட்டீங்கோ?"

"எப்... எப்பலேந்து மேடம்?"

"நான் வந்த நாள்லேர்ந்து. சுலோசனா நல்ல பொண்ணு. மெதுவாப் பேசுங்கோ, மெதுவாப் பேசுங்கோன்னு சொல்லிகினே கீது. நீங்கதான் கேக்க மாட்றீங்கோ."

"தமிழ் எப்படி..."

"வேலூர்."

ஒரே வார்த்தை. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கொல்கத்தாவில் தெருவுக்கு நாலு குடும்பமாவது வைத்தியத்துக்கு வேலூர் போய், மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கித் திரும்பியிருக்கும். அது முருகானந்தத்துக்கும் தெரியும். பலருக்கு அவரே ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்து, இட்லி எங்கே நன்றாயிருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். போனவர்கள் அங்கே வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பார்கள் என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றவில்லை. புடவைக் கடைக்காரரின் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. சிடுமூஞ்சி என்று எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ணப் பார்த்து, எண்ணிக்கை கைமீறிப் போகவே விட்டுவிட்டார்.

"அப்ப, இந்த வேலைய முன்னாடி பண்ணியிருக்கேன்னு நான் சொன்னது..."

"தெரியும்."

"என் வேலை போயிருமா மேடம்?"

"டெமோக்கு நேரம் ஆச்சி. மொதல்ல அத்த மாத்துங்கோ" என்றார் மஹிமா-தி.

மாற்றினார். இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கேன்டீன் முதலாளி பருத்த உடம்பும் சந்தேகப் பார்வையுமாக வந்து உட்கார்ந்தார். முருகானந்தம் அவர் பெயரிலேயே ஒரு வாலட் திறந்து காட்டினார். பணம் ஏறியது. ஒரு மீன் சாப்பாட்டுக்குக் கழிந்தது. மீதியில்லாத வாலட்டில் இன்னொரு சாப்பாடு கேட்டபோது முடியாது என்று மறுத்தது. முதலாளி எல்லாவற்றையும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்த்தார். கடைசியில் மஹிமா-தி பக்கம் திரும்பி, "இவர் இதை எத்தனை இடத்தில் செய்திருக்கிறார்?" என்று பெங்காலியில் கேட்டார்.

"அவரையே கேளுங்கள்" என்றார் மஹிமா-தி. அவர் முகத்தில் மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ரெண்டு மூணு என்று சொல்லிவிட்டால் கான்ட்ராக்ட் கைக்கு வந்துவிடும். மஹிமா-தி மறுக்கப்போவதில்லை என்பதுபோலத்தான் உட்கார்ந்திருந்தார். முருகானந்தத்தின் வாயும் பழக்கதோஷத்தில் அதற்குத் தயாராகத் திறந்தது. அந்த அம்மாள் முன்னால் மறுபடி அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது அன்றுதான்.

"எங்கேயும் இல்லை. இதுதான் முதல் தடவை" என்றார். "இதற்கு முன்னால் நான் ஸ்லைடில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்."

முதலாளியின் புருவம் உயர்ந்தது. "அப்படியானால், மத்தியானம் ஆயிரம் பேர் தட்டோடு நிற்கும்போது இது படுத்துக்கொண்டால்?"

"எங்கெங்கே படுக்கும் என்று எனக்குத் தெரியும் அண்ணா. எல்லா இடத்திலும் நானே படுக்கவைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்." சம்பள மென்பொருள் படுத்ததையும், லீவு மென்பொருள் படுத்ததையும், கத்தியவர்களோடு சேர்ந்து தானும் கத்தியதையும், சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டியதையும் வரிசையாகச் சொன்னார். சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர்தானே. எந்த எரர் வந்தால் எதைத் தொட வேண்டும், தொட்டால் அடுத்து எது சாயும் என்பது வரைக்கும் போய்விட்டார்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "என் முதல் கேன்டீனில் முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. ஊற வைத்த பருப்பில் பாதியைக் கைதவறித் தரையில் கொட்டினேன்" என்றார். பிறகு வியாபாரக் குரலுக்கு மாறி, எல்லாக் கேன்டீனும் இப்போது கிடையாது, ஒரே ஒரு கேன்டீனில் துர்கா பூஜை வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம், இந்த மனிதரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். முழு கான்ட்ராக்டில் அது ஒரு ஓரம்தான். பூஜை வரைக்கும் வேலை நிச்சயம். அதற்குப் பிறகு என்ன என்பது முருகானந்தத்தின் கையில்.

முதலாளி போனதும் முருகானந்தம் மறுபடி அந்த அறை வாசலில் போய் நின்றார்.

"டெமோவத் தள்ளிவச்சது நீங்கதானா மேடம்?"

"நீங்கோ அழுத அன்னிக்கி."

"மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்களுக்குத் தமிழ் புரியும்னு. எம்புட்டு அசிங்கமாப் பேசிட்டேன்."

மஹிமா-தி நாற்காலியைக் காட்டினார். முருகானந்தம் உட்காரவில்லை.

"வேலூர்ல லாட்ஜுல ஒரு மாடிப்படி கீது" என்றார் மஹிமா-தி. "அப்பா கையில 'செரியாப் பூடும் பாபா'ன்னு பொய் சொல்லிட்டு வந்து, டெய்லி அந்தப் படில குந்திகினு தம்பிக்குப் போன் போடுவேன். பெங்காலில ஓன்னு அழுவேன். தம்பியத் திட்டுவேன், டாக்டரத் திட்டுவேன், சாமியத் திட்டுவேன். அங்க யாருக்கு பெங்காலி தெரியும்? சமையல்கார அம்மா பக்கத்துலயே வெங்காயம் உரிச்சிகினு இருப்பாங்கோ. ஒரு நாளும் ஒண்ணும் கேட்டதில்ல."

அவர் பேச்சை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பா போன மறுநாள் நான் பெட்டி கட்டினேன். அந்தம்மா வந்து, 'தம்பியோட சண்டை போடாத, அவனும் பாவம்'னு பெங்காலில சொன்னாங்கோ. அட்சரம் பிசகல. எங்க ஊர் ஜனம் வந்து வந்து, அவங்களுக்கு எல்லாம் பாடம். அத்தினி நாளும் கேட்டுகினே இருந்திருக்காங்கோ. எனுக்கு ஒரே கோவம். ஏன் சொல்லலேன்னு கேட்டேன், இப்ப நீங்கோ கேக்குற மாதிரி."

"என்ன சொன்னாங்க?"

"'புரியும்னு சொல்லியிருந்தா, நீ எங்க போயி அழுதிருப்பே?'ன்னு கேட்டாங்கோ."

நன்றி என்றால் போதாது. மன்னிப்பு என்றால் எதற்கு எதற்கு என்று எங்கே ஆரம்பிப்பது? முருகானந்தம் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினார்.

"போங்கோ, சுலோசனாக்கு போன் பண்ணுங்கோ. பாவம், காத்துகினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மஹிமா-தி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

பால்கனியில் சுலோசனாவின் குரல், "என்னாச்சுங்க? சொல்லுங்க, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. முருகானந்தம் ஏ.சி. பெட்டியில் சாய்ந்துகொண்டு வாய்விட்டே அழுதார். ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மஹிமா-தி முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.